ஜி.எஸ்.டி. எண் போட்டு பில் வாங்கினால் நுகர்வோர் இல்லையா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் வீட்டையொட்டிய ஷெட்டில் கம்பெனிகள் தரும் துணிக்குக் கூலிக்கு எம்ப்ராய்டரி போட்டுத் தரும் ஜாப் ஒர்க் செய்கிறீர்கள். 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கு ஒற்றைத் தலை கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் வாங்கினீர்கள். நாலாவது மாதத்திலிருந்து, ஐந்தாறாயிரம் தையல் தாண்டியதும் ஃபிரேம் நகர்ந்து டிசைன் கோணிக்கொள்கிறது. மூன்று முறை ஆள் அனுப்பிப் பார்த்த டீலர், இப்போது “ஜி.எஸ்.டி. நம்பர் போட்டுத் தொழிலுக்குன்னு பில் வாங்கியிருக்கீங்க, நீங்க கன்ஸ்யூமரே இல்ல, கேஸ் போட்டாலும் நிக்காது” என்கிறார். உங்கள் அண்ணன் தன் கம்பெனி பெயரில் வாங்கிய காருக்கும் ஷோரூமில் இதே பதில். வழக்கு போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒரு படி முன்னால் இருக்கும் கேள்விதான் இங்கே முக்கியம்: இந்தச் சட்டம் யாரை நுகர்வோர் என்று ஏற்றுக்கொள்கிறது, யாரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது?

நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் அப்படியே உண்மையானால், உங்கள் விஷயத்தில் டீலர் சொல்வது தவறு. அண்ணன் விஷயம், அந்தக் கார் எதற்காக வாங்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. சட்டம் பில்லில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு நிற்பதில்லை. பொருள் எந்த வேலைக்குப் போனது என்று பார்க்கிறது.

கடைக்காரர் பேச்சில் வாடிக்கையாளரும் நுகர்வோரும் ஒன்றுதான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியில்லை. பிரிவு 2(7) சொல்வது இது: காசு கொடுத்தோ, கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ, தவணையிலோ பொருள் வாங்குபவரும் சேவை பெறுபவரும் நுகர்வோர். வாங்கியவர் அனுமதியோடு அதைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர். மறுவிற்பனைக்கு வாங்கினால் கிடையாது. வணிக நோக்கத்துக்கு வாங்கினாலும் கிடையாது. இதற்கு அடியில் ஒரு விளக்கம் இருக்கிறது. ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே என்றால், அது வணிக நோக்கம் ஆகாது. உங்கள் வழக்கு முழுவதும் இந்த ஒற்றை வரியில்தான் நிற்கப்போகிறது. ‘தானே’, ‘மட்டுமே’, ‘பிழைப்பு’ ஆகிய மூன்று சொல்லையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கும்.

முந்தைய 1986 சட்டத்திலும் இருந்த இந்த விளக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் முதலில் பொருள் சொன்ன வழக்கு நம்ம கோயம்புத்தூர் மெஷின் பற்றியது என்பது ஒரு வேடிக்கை. லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற மகாராஷ்டிர நிறுவனம், பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் 21 லட்சம் ரூபாய்க்கு ஒரு சி.என்.சி. மெஷின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் கடையும் மெஷின்) ஆர்டர் கொடுத்தது. தாமதமாக வந்தது, வந்ததும் பழுது என்பது புகார். மகாராஷ்டிர மாநில நுகர்வோர் ஆணையம் இழப்பீடு கொடுத்தது. தேசிய ஆணையம் அதை ரத்து செய்தது. 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் வாங்கிய நிறுவனத்தை நுகர்வோர் அல்ல என்றே முடித்தது. தோற்றது சிறுதொழில் நிறுவனம் என்பதை மறந்துவிடாதீர்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றிதழைக் காட்டினால் நுகர்வோர் ஆகிவிடலாம் என்று நினைப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

ஆனால் அதே தீர்ப்புதான் உங்களைப் போன்றவர்களுக்கு இன்றும் கைகொடுக்கிறது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர். ஆட்டோ வாங்கி இன்னொருவரை வைத்து மட்டும் ஓட்டுபவர் நுகர்வோர் அல்ல. லேத் மெஷினுக்கும் லாரிக்கும் இதே கணக்கு. ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் மட்டும் சுயதொழில் என்ற தகுதி போய்விடாது என்றும் அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பின்னர் 2018-இல், வேலையில்லாத இரண்டு பட்டதாரிகள் கூட்டாளிகளாகச் சேர்ந்து ஃபோட்டோ பிரிண்டிங் மெஷின் வாங்கிய வழக்கில், கூட்டு நிறுவனமாக இருந்தும் அவர்களை நுகர்வோர் என்றது உச்ச நீதிமன்றம். ஆக, நிறுவனம் என்ற பெயர்ப்பலகை தடையல்ல. மெஷின் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் வரும் காசில் யார் வீட்டு அடுப்பு எரிகிறது என்பதுதான் பார்க்கப்படும்.

ஜி.எஸ்.டி. எண்ணுக்கு வருகிறேன். அந்த எண் பில்லில் இருப்பதால் ஒருவர் நுகர்வோர் இல்லை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஜாப் ஒர்க் செய்யும் தையல்காரர் பதிவு வைத்திருப்பது, ஆர்டர் கொடுக்கும் கம்பெனி கேட்பதால்கூட இருக்கலாம். ஆனாலும் எதிர்தரப்பு வக்கீல் முதலில் நீட்டும் காகிதம் அதுதான். அடுத்து, மெஷினுக்குக் கட்டிய வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்தீர்களா, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொண்டீர்களா என்று கேட்பார். எடுத்திருந்தால் மறைக்க வேண்டாம், புகாரில் நீங்களே சொல்லிவிடுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்கும்போது அந்த வரித் தொகையைக் கழித்துக் கேளுங்கள். கழிக்காமல் முழு பில் தொகையையும் கேட்டவர், வரியை இரண்டு முறை வாங்கப் பார்க்கிறார் என்ற பேச்சுக்கு ஆளாவார். அந்த ஒரு விஷயத்தில் நம்பகத்தன்மை போனால் மற்றதும் ஆட்டம் காணும்.

நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு என்பது 2024 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் ஒழுங்காகப் பிரித்துச் சொல்லப்பட்டது. காசு கொடுத்து வாங்கினேன் என்பதைப் புகார்தாரர் காட்ட வேண்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கினார் என்று சொல்லும் எதிர்தரப்புதான் அதை நிரூபிக்க வேண்டும். சும்மா வாயால் சொன்னால் போதாது. அவர்கள் நிரூபித்துவிட்டால், அதன் பிறகு ‘இது என் சுயதொழில் பிழைப்பு’ என்று காட்டும் பொறுப்பு திரும்பப் புகார்தாரரிடம் வரும். எம்ப்ராய்டரி மெஷினைப் பொறுத்தவரை முதல் இரண்டு கட்டமும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஏனென்றால் வீட்டுக்குப் பூப்போட யாரும் ஐந்து லட்சத்துக்கு மெஷின் வாங்குவதில்லை. எனவே மூன்றாவது கட்டத்துக்குத் தயாராகவே புகாரை எழுதுங்கள்.

அதில் பலர் செய்யும் தவறு, பழுதைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிவிட்டு, பிழைப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விடுவது. புகாரில் இல்லாததை வாதத்தில் சேர்ப்பது கடினம். இரண்டாவது பத்தியிலேயே ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்: “புகார்தாரர் மேற்படி இயந்திரத்தைத் தாமே இயக்கி வருகிறார். நூல் மாற்றவும் துணி பொருத்தவும் ஒருவர் மட்டும் உதவிக்கு வருகிறார். புகார்தாரருக்கு வேறு வருமானம் இல்லை. சுயதொழில் மூலம் குடும்பப் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே இந்த இயந்திரம் வாங்கப்பட்டது.” ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு காகிதம் வேண்டும். டீலர் பயிற்சி கொடுத்தபோது கையெழுத்திட்ட படிவத்தில் உங்கள் பெயர் இருந்தால் அது ‘தானே’ என்பதற்குச் சான்று. வருமான வரிக் கணக்கும் வங்கிப் பாஸ்புக்கும் ‘பிழைப்பு’ என்பதற்கு. மாவட்டத் தொழில் மையம் வழியாகச் சுயவேலைவாய்ப்புக் கடன் வாங்கியிருந்தால் அந்தத் திட்ட அறிக்கையையும் சேர்க்கலாம். உதவும், ஆனால் அது ஒன்றே போதும் என்று நம்பாதீர்கள்.

எதிர்மாறாக வேலை செய்யும் ஒரு விஷயமும் உண்டு. கோபத்தில், “இந்த மெஷினால் 12 லட்சம் ரூபாய் எக்ஸ்போர்ட் ஆர்டர் போச்சு” என்று இழப்பீட்டைப் பெருக்கி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாக்கியமே, நடப்பது பெரிய வியாபாரம் என்ற எதிர்தரப்பின் வாதத்துக்கு ஆதாரமாகிவிடும். வேலை நின்ற நாட்களுக்கு வழக்கமான தினசரி வருமானத்தைக் கணக்கிட்டு, நோட்டுப் புத்தகக் குறிப்போடு கேளுங்கள். மேலும், 2019 சட்டத்தில் புதிதாக வந்த பொருள் பொறுப்பு (பழுதான பொருளால் நேர்ந்த தீங்குக்கு ஈடு) என்ற அத்தியாயத்தின் கீழ் வியாபார நஷ்டத்தைக் கேட்க முடியாது. அதில் ‘தீங்கு’ என்பதற்கான வரையறையே வணிக, பொருளாதார நஷ்டத்தையும், பழுதான பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தையும் வெளியே வைத்துவிட்டது. உங்கள் புகார் பழுதான பொருள், சேவைக் குறைபாடு என்ற பழைய தலைப்புகளிலேயே இருக்கட்டும்.

இங்கே ஓர் இடம் கொஞ்சம் வழுக்கல். 1986 சட்டத்தின் விளக்கத்தில், பிழைப்புக்காக வாங்கிய பொருள், பிழைப்புக்காகப் பெற்ற சேவை என இரண்டுமே இருந்தன. 2019 சட்டத்தின் விளக்கத்தில் பொருள் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. சேவை என்ற சொல் காணோம். மெஷினுக்கு இது பாதகமில்லை. ஆனால் சுயதொழில் செய்பவர் தனியாகக் காசு கட்டி எடுத்த வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் தகராறு என்றால், இந்த விடுபடல் ஒரு வாதமாக எழும். அதேபோல, முழு வணிகத்துக்கு வாங்கிய மெஷினானாலும் வாரன்டி காலத்துக்குள் பழுதானால் வாரன்டி என்பது தனிச் சேவைதானே, அதற்கு நுகர்வோர் ஆகலாமே என்று பழைய தேசிய ஆணையத் தீர்ப்புகளை எடுத்துக்காட்டுவார்கள். அந்த வாதத்துக்கு ஒரு காலத்தில் நல்ல பலம் இருந்தது. 2003 மார்ச் 15 முதல் வணிக நோக்கச் சேவையும் விலக்கப்பட்டதால் அந்தப் பலம் பெரும்பகுதி போய்விட்டது. மாற்று வாதமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதையே நம்பி வழக்கு கட்ட வேண்டாம்.

அண்ணன் காருக்கு வருவோம். கம்பெனி நுகர்வோர் ஆக முடியாது என்று ஷோரூமில் சொன்னால் அது அப்பட்டமான தவறு. பிரிவு 2(31)-இல் ‘நபர்’ என்ற சொல்லுக்குள் தனிமனிதர், பதிவான, பதிவாகாத கூட்டு நிறுவனம், இந்துக் கூட்டுக் குடும்பம், கூட்டுறவுச் சங்கம், கம்பெனி எல்லாமே வருகின்றன. கம்பெனிக்கு ‘பிழைப்பு’ என்ற விதிவிலக்கு பொருந்தாது, அதற்கு வயிறு கிடையாதே. ஆனால் வாங்கியது வணிக நோக்கத்துக்கே அல்ல என்று அது காட்டலாம். 2019 நவம்பரில் லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில், செவிலியர் தங்குவதற்காக அறக்கட்டளை வாங்கிய 29 ஃபிளாட்டுகளை வணிக நோக்கம் அல்ல என்றது உச்ச நீதிமன்றம். வாங்கியதற்கும் லாபம் ஈட்டும் செயலுக்கும் நெருங்கிய, நேரடித் தொடர்பு உண்டா, முதன்மை நோக்கம் என்ன என்பவை அந்தத் தீர்ப்பு தந்த அளவுகோல்கள். மருத்துவமனை நடக்கச் செவிலியர் தேவைதான்; ஆனாலும் அவர்கள் தூங்கும் அறை லாபம் தரும் இயந்திரம் அல்ல. இதற்கு மறுபக்கம், தன் ஏற்றுமதி இறக்குமதி ஆவண வேலையைத் தானியங்கியாக்க மென்பொருள் உரிமம் வாங்கிய ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தை 2025-இல் அதே நீதிமன்றம் நுகர்வோர் அல்ல என்றது. அந்த மென்பொருள் செலவைக் குறைத்து லாபத்தைக் கூட்டும் வேலையோடு நேராகக் கோர்க்கப்பட்டிருந்தது.

காரையே பற்றிய தீர்ப்பு 2024 ஜூலையில் வந்தது. இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காக ஒரு கம்பெனி வாங்கிய சொகுசுக் கார் பற்றிய வழக்கு. லாபம் ஈட்டும் செயலோடு அந்தக் காருக்குத் தொடர்பு உண்டு என்று விற்றவர்கள் நிரூபிக்காத நிலையில், கம்பெனி நுகர்வோரே என்று முடிந்தது. உங்கள் அண்ணன் காட்ட வேண்டியவை: காரை இன்னாரின் சொந்த உபயோகத்துக்கு ஒதுக்கிய இயக்குநர் குழுத் தீர்மானம், வெள்ளை நம்பர் போர்டு, தனிநபர் கார் வகைக் காப்பீடு. கார் வரிக்கு இன்புட் கிரெடிட் எடுக்கவில்லை என்பதையும் சேர்க்கலாம். 13 பேர் வரை அமரும் பயணி வாகனங்களுக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. சட்டமே அதை அனுமதிப்பதில்லை. அதே கார் சாம்பிள் துணிகளை ஏற்றிக்கொண்டு தினமும் சாயப் பட்டறைக்கும் துணி வாங்கும் கம்பெனிக்கும் ஓடுகிறது என்றால், மேலே சொன்னதில் பாதி கரைந்துவிடும். டாக்ஸி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கம்பெனி வாங்கியதென்றால் ஆணையத்தின் பக்கமே போக வேண்டாம்.

உங்கள் கேள்விக்குக் கீழே வேறு பலரும் ‘எனக்கு?’ என்று கேட்டிருப்பதால் மற்ற வகையினரையும் தொட்டுச் செல்கிறேன். காப்பீடு எடுத்த வியாபாரி வணிகர்தான், ஆனால் காப்பீட்டைப் பொறுத்தவரை நுகர்வோர். 2002 குஜராத் கலவரத்தில் தீயில் சேதமடைந்த ஒரு வாகன டீலரின் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. காப்பீடு நஷ்டத்தை ஈடுகட்டுவது, லாபம் சம்பாதிப்பதற்கானது அல்ல. ஆகவே ஷெட்டுக்கோ சரக்குக்கோ தீ விபத்துக் காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டால், தொழில் எவ்வளவு பெரிதானாலும் தயங்காமல் ஆணையத்துக்குப் போகலாம். வங்கிக் கடன் இதற்கு நேர் எதிர். பங்குத் தரகர் ஒருவர் தொழிலுக்கு எடுத்த ஓவர்டிராஃப்ட் வணிக நோக்கம் என்று 2022-இல் தீர்ப்பானது. 2025 பிப்ரவரியில், ரஜினிகாந்த் படம் ஒன்றின் தயாரிப்புக்குப் பிந்தைய வேலைகளுக்காக 10 கோடி ரூபாய் கடன் வாங்கிய விளம்பர நிறுவனமும் அதே காரணத்தால் வெளியேற்றப்பட்டது. கடனைப் பேசி முடித்த பிறகும் தன்னைக் கடன் ஏய்ப்பவர் பட்டியலில் காட்டினார்கள் என்பது அதன் குறை. தேசிய ஆணையம் கொடுத்த 75 லட்சம் ரூபாய் இழப்பீடு, குறை உண்மையா என்பதால் அல்லாமல், ‘நீ நுகர்வோர் அல்ல’ என்பதாலேயே போனது.

மின்சாரத்தில் ஒரு சொற்குழப்பம் உண்டு. மின்சாரச் சட்டத்தின்படி இணைப்பு வைத்திருக்கும் எவரும், மில் முதலாளி உட்பட, மின் நுகர்வோர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி கடைக்கும் ஆலைக்கும் வணிக இணைப்பு எடுத்தவர் நுகர்வோர் அல்ல. அங்கீகாரமற்ற பயன்பாடு என்று மின்வாரியம் போடும் மதிப்பீட்டை வீட்டு இணைப்புக்காரர்கூட நுகர்வோர் ஆணையத்தில் எதிர்க்க முடியாது. 2013-லேயே இது முடிவான விஷயம். பில், மீட்டர் தகராறுகளுக்கு மின் பகிர்மான வட்டத்திலுள்ள குறைதீர் மன்றமும், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளரும் எல்லா இணைப்புகளுக்கும் திறந்தே இருக்கிறார்கள்.

நோயாளிகளில், காசு கட்டிச் சிகிச்சை பெறுபவர் நுகர்வோர். எல்லோருக்கும் முற்றிலும் இலவசம் என்ற அரசு மருத்துவமனையில் நோயாளி நுகர்வோர் அல்ல. சிலரிடம் காசு வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடத்தில் இலவச நோயாளியும் நுகர்வோர். இது 1995-இன் தீர்ப்பு, இன்றும் செல்லும். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் போகும் தொழிலாளி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு நுகர்வோர்தான், திருப்பூரில் இது பலருக்குத் தேவைப்படும். குழந்தைக்குச் சிகிச்சை என்றால் குழந்தையும் பெற்றோரும் தனித்தனி நுகர்வோர். இருவருக்கும் தனித்தனியாக இழப்பீடு கேட்கலாம். விதை வாங்கிய விவசாயி நுகர்வோர். விளைந்த விதையைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகக் கம்பெனி ஒப்பந்தம் போட்டிருந்தாலும் நுகர்வோரே என்று 2012-இல் தீர்ப்பு வந்தது. விதைத்த விதையை ஆய்வகத்துக்கு அனுப்ப எடுத்து வைக்கவில்லை என்பதற்காகப் புகாரைத் தள்ளவும் முடியாது. ஆனால் லாட் எண் உள்ள பையைத் தூக்கி எறியாமல், பயிர் நிற்கும்போதே வேளாண் அலுவலரின் ஆய்வறிக்கையை வாங்கிவிட வேண்டும். அறுவடைக்குப் பிறகு எந்த அறிக்கையும் உதவாது.

மாணவர்கள் விஷயம் மட்டும் தெளிவில்லை. கல்வி சேவையல்ல என்று சொல்லும் தீர்ப்புகளும் சேவை என்று சொல்லும் தீர்ப்பும் உச்ச நீதிமன்றத்திலேயே இருக்கின்றன. தேசிய ஆணையம் 2020-இல் கல்லூரிகளை வெளியே வைத்து, கோச்சிங் சென்டர்களை உள்ளே வைத்தது, அந்தத் தீர்ப்பின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. ஆகவே கோச்சிங் கட்டணத்துக்கு ஆணையம் போகலாம். கல்லூரிக் கட்டணத்துக்கு வேறு வழியையும் சேர்த்தே யோசியுங்கள். வக்கீல் சரியாக வாதாடவில்லை என்பதற்கு ஆணையம் இல்லை, 2024 மே தீர்ப்போடு அந்தக் கதவு மூடிவிட்டது.

இப்போது உங்கள் மெஷினுக்கு நடைமுறை. ஆணையத்தின் எல்லை நீங்கள் கொடுத்த விலையைப் பொறுத்தது, கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேல் தேசிய ஆணையம். விலை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. உங்களுக்கு அது பொருந்தும். அண்ணன் கார் 10 முதல் 20 லட்சத்துக்குள் என்றால் 400 ரூபாய். டீலர் சூரத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. பழுது தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கலாக வேண்டும். “சரி பண்ணித் தர்றோம்” என்று டீலர் இழுக்கும் மாதங்கள் அந்தக் கெடுவை நீட்டாது. டீலரோடு தயாரிப்பாளரையும், வெளிநாட்டு மெஷின் என்றால் இறக்குமதியாளரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர் மேல் கைகாட்டித் தப்பிப்பார். நோட்டீஸ் கிடைத்து 30 நாளில் அவர்கள் பதில் தர வேண்டும், மேலும் 15 நாள் வரை ஆணையம் தரலாம், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி அடுத்த மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

நுகர்வோர் என்ற தடையைத் தாண்டிய பிறகு வழக்குகள் விழும் இடம், பழுதை நிரூபிப்பதில். ஃபிரேம் நகர்வதற்கு எக்ஸ்-ஒய் பெல்ட் இழுவை, மோட்டார் டிரைவர் போர்டு என்று மெஷின் பக்கக் காரணங்கள் இருக்கும். டீலரோ வோல்டேஜ், எர்த்திங், நீங்கள் போட்ட டிசைன் ஃபைல் என்பார். மூன்றையும் முன்கூட்டியே அடைத்துவிடலாம். ஸ்டெபிலைசர் பில்லையும், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் எழுதிக்கொடுத்த எர்த்திங் அளவையும் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினோடு வந்த சோதனை டிசைனையே ஓட்டி, திரையில் தையல் எண்ணிக்கை தெரிகிற மாதிரி, நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். எத்தனையாவது தையலில் நகர்கிறது என்பது அதிலேயே பதிவாகும். இதை வேறு வேறு நாளில் மூன்று முறை செய்து, கோணிய துணிகளில் தேதி எழுதி வைத்துவிடுங்கள். சர்வீஸ் ஆள் நீட்டும் படிவத்தில் ‘திருப்தி’ என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வாங்கப் பார்ப்பார். பேனாவால் “ஓடவிட்டுப் பார்த்ததில் பழுது தொடர்கிறது” என்று எழுதிக் கையெழுத்திட்டு, அப்போதே போனில் படம் எடுங்கள். வெளி மெக்கானிக்கைத் தொடவிடாதீர்கள், சீல் பிரிந்த அன்றே வாரன்டி பேச்சு முடிந்துவிடும். மெஷினை ஆய்வகத்துக்குத் தூக்கிப்போக முடியாது என்பதால், புகாரோடு ஒரு இடைக்கால மனு போட்டு, பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் போன்ற ஒரு நிபுணரை ஷெட்டுக்கே அனுப்பிப் பரிசோதிக்கக் கேளுங்கள். அவருடைய கட்டணத்தை முதலில் நீங்கள் கட்டச் சொல்லக்கூடும். செலவுத் தொகையில் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒருவேளை மூன்று ஷிஃப்டுக்கு ஆள் வைத்து நாலைந்து மெஷின் ஓட்டுகிறீர்கள், இது அதில் ஒன்று என்பதுதான் உண்மை என்றால், மேலே சொன்னதில் உங்கள் பகுதி பொருந்தாது. ஆணையத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். பொருள் விற்பனைச் சட்டத்தின் கீழ் விற்றவர் மேல் சிவில் வழக்கு உண்டு. வணிகத் தகராறு 3 லட்சத்துக்கு மேல் என்பதால் வணிக நீதிமன்றம் போக வேண்டும்; அவசர உத்தரவு கேட்காத வழக்கானால் அதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரச முயற்சி கட்டாயம், அதைத் தவிர்த்துப் போட்ட வழக்கு திரும்பி வந்துவிடும். கெடு மூன்று ஆண்டு. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், 4 லட்சத்து 80 ஆயிரத்துக்கு 14,400 ரூபாய். ஆணையத்தில் நல்ல நம்பிக்கையோடு வழக்கு நடத்தி ‘நீங்கள் நுகர்வோர் அல்ல’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. காலவரம்புச் சட்டத்தின் பிரிவு 14-இன்படி, அங்கே செலவான காலத்தை மூன்று ஆண்டுக் கணக்கிலிருந்து கழிக்கக் கேட்கலாம். கோயம்புத்தூர் மெஷின் வழக்கில் தோற்ற நிறுவனத்துக்கும் உச்ச நீதிமன்றம் கடைசியாகச் சொன்னது அதைத்தான். எனவே ஆணையத்தின் உத்தரவு வந்தால், எந்தக் காரணத்தால் திருப்பினார்கள் என்ற பத்தி அதில் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, சான்றிட்ட நகலை அன்றே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள்.